பழி ஏற்ற போதகர்

எங்கள் விடுதியில் இரவு உணவுக்குப் பின் எழும் விவாதங்களுக்கு எல்லை கிடையாது. ஒருநாள் இரவு, கிறிஸ்தவ வேதம் வன்முறைக்கு இடங்கொடுக்கிறதா என்ற வினா எழுந்தது. இடமில்லை என்ற நண்பர், மறு கன்னத்தையும் காட்டச் சொல்லும் மலைப் பிரசங்கத்தை எடுத்துக்காட்டினார். நான் வாளின் பக்கம் நின்றேன். ஆள்வோர் கையில் வாள் இருப்பதற்குக் காரணம் உண்டென்று பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தைத் துணைக்கு அழைத்தேன். முடிவு ஏற்படவில்லை. விஞ்ஞான மாணவனாகிய எனக்கு, ஆம் அல்லது இல்லை என்ற ஒரு விடை வேண்டியிருந்தது. அதைத் தேடப் புகுந்தபோதுதான் டீட்ரிக் போன்ஹோபரின் வாழ்க்கையைப் படித்தேன்.

போன்ஹோபர் என்ற பெயர் இரசாயனம் பயில்வோருக்குப் புதிதன்று. 1929இல் பாரா ஹைட்ரஜனைத் தயாரித்துக் காட்டிய இருவருள் ஒருவர் கார்ல் பிரீட்ரிக் போன்ஹோபர். அவருடைய தம்பியே டீட்ரிக். 1906இல் ஜெர்மனியின் பிரெஸ்லாவில் பிறந்தார். தந்தை மனநோய் மருத்துவர். முதல் உலகப் போரில், 1918இல், அண்ணன் ஒருவர் மாண்டார். அப்போது டீட்ரிக்குக்கு வயது 12. பின்னர் இறையியல் பயின்று, 21ஆம் வயதிலேயே பெர்லினில் டாக்டர் பட்டம் பெற்றார்.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். திருச்சபையினர் பலர் அவருக்குத் தலைவணங்கினர், போன்ஹோபர் வணங்கவில்லை. கொடுமையை அன்பினால் எதிர்க்கும் வழியைக் காந்தியடிகளிடம் கற்க விரும்பிக் கடிதம் எழுதினார். வந்து தங்கலாமென்று அடிகளும் 1934 நவம்பரில் விடை எழுதினார். ஆனால், அரசுக்குப் பணியாத திருச்சபையினர் இளம் போதகரைப் பயிற்றும் பொறுப்பைத் தரவே, இந்தியப் பயணம் நின்றுபோயிற்று. அப்பள்ளியை 1937இல் போலீசார் மூடினர். அதே ஆண்டில் மலைப் பிரசங்கத்தை விளக்கி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. தீமையைத் தாங்குவதே சீடனின் வழி என்பது அதன் சாரம்.

1939இல் நண்பர்கள் அவரை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டனர். அங்கேயே இருந்திருந்தால் உயிர் பிழைத்திருப்பார். தம் மக்களின் துன்பத்தில் பங்குகொள்ளாதவனுக்குப் பின்னாளில் அவர்களிடையே பணிபுரிய உரிமையில்லை என்று எண்ணிச் சில வாரங்களிலேயே திரும்பிவிட்டார்.

திரும்பியவர், ஹிட்லரைக் கொல்லத் திட்டமிட்டோருடன் சேர்ந்தார். அவர் துப்பாக்கி ஏந்தியவரல்லர். வெளிநாட்டாருடன் இரகசியத் தொடர்பு வைத்துச் செய்தி கொண்டுசென்றவர். எனினும் கொலைத் திட்டம் என்பதை அறிந்தே அதில் நின்றார்.

என்னை உலுக்கியது இனி வருவது. வாளெடுத்தவன் வாளால் மடிவான் என்று ஏசு சொன்னது நம்மையும் குறிக்குமா என்று அக்குழுவிலிருந்த மைத்துனர் டோனானி ஒருநாள் கேட்டார். ஆம், நம்மையும் குறிக்கும் என்றார் போன்ஹோபர். அத்தீர்ப்புக்குத் தாம் உட்பட்டவர்களே என்றும், அதைத் தம் தலைமேல் ஏற்போரும் இக்காலத்துக்குத் தேவை என்றும் விடையிறுத்தார். வேதத்தில் விலக்குத் தேடவில்லை. பவுலின் நிருபத்தைக் கேடயமாக்கவில்லை. கொலை பாவமே என்றார். வாளாவிருப்பதும் பாவமே என்றார். பழியை ஏற்று இறைவனின் இரக்கத்துக்குக் காத்திருந்தார்.

1943 ஏப்ரலில் சிறைப்பட்டார். 1944 ஜூலை 20இல் ஹிட்லருக்கு வைத்த குண்டு தவறியது. 1945 ஏப்ரல் 9இல் பிளோசன்பர்க் முகாமில் போன்ஹோபரைத் தூக்கிலிட்டனர். வயது 39. இரு வாரங்களில் அமெரிக்கப் படை அம்முகாமை அடைந்தது. டோனானியும் இன்னோர் அண்ணன் கிளாஸும் அதே ஏப்ரலில் கொல்லப்பட்டனர்.

நண்பர்களே, நான் தேடிய ஒற்றைச் சொல் விடை கிடைக்கவில்லை. வயிறார உண்டபின் வாளுக்காக வாதாடுவது எவ்வளவு எளிது என்பது மட்டும் விளங்கிற்று. அன்று நான் தேடியது அனுமதிச் சீட்டு. அவரோ அனுமதி இல்லையென்று அறிந்தே சென்று, அதற்குரிய விலையைத் தாமே கொடுத்தார். அடுத்த முறை அந்த வினா எழுந்தால், வசனத்தை எடுத்துக்காட்டுமுன் சற்றுத் தயங்குவேன்.