ஃபவுண்டரிப் பையனும் பாதையோரச் செடிகளும்

கேமரா என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? டூர் போன ஊர், அருவி, குரூப் போட்டோ. ஹாஸ்டல் சுவரோரம் முளைத்த களைச்செடியைப் படம் எடுக்கிறேன் என்று ஒருத்தன் கிளம்பினால், நாமே அவனை ஓட்டு ஓட்டென்று ஓட்டிவிடுவோம். ஆனால் அதே வேலையை முப்பது வருஷத்துக்கு மேல் விடாமல் செய்தார் ஒரு மனிதர். பெயர் கார்ல் ப்ளோஸ்ஃபெல்ட். ஒரு வகையில் அவர் நம்ம ஆள்தான். ஏனென்றால் அவர் தொழில் கற்க ஆரம்பித்த இடம் ஒரு ஃபவுண்டரி.

ஜெர்மனியில் ஹார்ட்ஸ் மலைப்பகுதியில் ஷீலோ என்ற சின்ன கிராமம். அங்கே 1865 ஜூன் 13-ல் பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பக்கத்தில் இருந்த மேக்டெஸ்ப்ருங் இரும்பாலையில், கலைப்பொருட்கள் வார்க்கும் பிரிவில் அப்ரண்டீஸாகச் சேர்ந்தார். இலையும் கொடியும் பூவுமாக வார்ப்பிரும்பில் அலங்காரம் செய்வது அந்தக் காலத்து மோஸ்தர். மோல்டிங் மண்ணில் கை வைத்தவர்களுக்குத் தெரியும், பேட்டர்னில் ஒரு வளைவு தப்பினால் வார்ப்பிலும் அது தப்பாகவே வந்து நிற்கும். அந்தப் பழக்கம் அவர் கண்ணுக்குள் ஆயுசு முழுக்கத் தங்கிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1884-ல் உதவித்தொகை கிடைத்து பெர்லினுக்குப் படிக்கப் போனார். பிறகு 1890-களில் மோரிட்ஸ் மொய்ரர் என்ற ஆசிரியரோடு இத்தாலியில் வேலை. டிசைன் படிக்கும் மாணவர்களுக்காகச் செடிகளைச் சேகரிப்பது, அவற்றைப் பார்த்து மாதிரிகள் செய்வது, வெண்கலத்தில் வார்ப்பது இதுதான் வேலை. செடிகளைப் படம் எடுக்கத் தொடங்கியதும் அங்கேதான். முறையாகப் போட்டோகிராபி படித்தவர் இல்லை.

பெர்லினுக்குத் திரும்பி கலைத்தொழில் பள்ளியில் ஆசிரியரானார். உயிருள்ள செடியைப் பார்த்து உருவம் செய்வதுதான் அவர் நடத்திய பாடம். இதில் ஒரு சிக்கல். மொட்டு, கணு, கொழுந்து எல்லாம் கடுகளவு, விரலளவு. கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கு என்ன தெரியும்? அதுவும் பறித்த செடி கொஞ்ச நேரத்தில் வாடித் தொங்கிவிடும். அதனால் படம் எடுத்துப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினார். ஆக, இன்று உலகம் கொண்டாடும் அந்தப் படங்கள் வகுப்புக்கான சார்ட்டுகளாகப் பிறந்தவை!

கேமராவும் அவரே கைப்படச் செய்துகொண்டது. உருவம் பெரிதாக வேண்டுமென்றால் லென்ஸுக்கும் பிளேட்டுக்கும் நடுவே தூரம் கூட வேண்டும். அந்தத் தூரம் கூடக் கூட பிளேட்டில் விழும் வெளிச்சம் குறையும். உருவம் 4 மடங்கு ஆனால், அதே அபெர்ச்சரில் சாதாரணப் படத்தைவிட 25 மடங்கு நேரம் வெளிச்சம் காட்ட வேண்டும். ஃபிளாஷ் கிடையாது. ஜன்னல் வெளிச்சமும், பின்னால் வெள்ளை அல்லது சாம்பல் நிற அட்டையும்தான். இப்படி நிமிஷக் கணக்கில் காத்திருந்து எடுத்த படங்கள் சுமார் ஆறாயிரம்!

செடிகளுக்காக அவர் பூக்கடைக்குப் போகவில்லை. பாதையோரம், ரயில்பாதை மேடு என்று நாலு பேர் மிதித்துப்போகும் இடங்களில்தான் பறித்தார். பூசணிக் கொடியின் பற்றுக்கம்பி அவர் படத்தில் ஜன்னல் கிரில்லுக்கு வளைத்த இரும்பு மாதிரி சுருண்டு நிற்கும். சுருண்ட பெரணிக் கொழுந்து பிஷப் கையில் பிடிக்கும் செங்கோல். கணுக்கணுவாக வளரும் ஒரு ஈரநிலச் செடியின் நுனி, கோபுரம்.

ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வடிவத்தை மறைக்கும் இலைகளை அவர் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் படம் எடுப்பார். இது ஏமாற்று இல்லையா என்று கேட்கலாம். மெஷின் டிராயிங்கில் செக்ஷனல் வியூ போடும்போது மேல்மூடியை வெட்டி எறிகிறோமே, அது ஏமாற்றா? உள்ளே இருப்பதைக் காட்டத்தானே! ஆனால் கலையின் மூல வடிவமே செடியில்தான் இருக்கிறது என்று அவர் நம்பியது கொஞ்சம் ஓவர்தான். சக்கரம் எந்தச் செடியில் காய்த்தது?

இத்தனை வருஷமும் பள்ளிக்கு வெளியே அவரைக் கண்டுகொண்டவர்கள் குறைவு. 1921-ல் பேராசிரியர் பதவி வந்தது. 1926-ல் நீரென்டோர்ஃப் என்ற கலைக்கூடக்காரர் அந்தப் படங்களைப் பார்த்துப் பிரமித்து பெர்லினில் காட்சிக்கு வைத்தார். 1928-ல் 120 படங்களோடு ‘கலையின் மூல வடிவங்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் புத்தகம் வந்தது. அப்போது அவருக்கு வயது 63. வால்டர் பெஞ்சமின் போன்ற பெரிய சிந்தனையாளரே அதைப் பாராட்டி எழுதினார். மறு வருஷமே இங்கிலீஷ் பதிப்பும் வந்துவிட்டது. சார்ட் மாட்டிய வாத்தியார் திடீரென்று உலகப் புகழ் கலைஞர்!

அந்தப் புகழை அவர் அனுபவித்தது நாலே வருஷம். 1930 வரை பாடம் நடத்தினார். 1932-ல் இரண்டாவது புத்தகம் வந்தது. அதே வருஷம் டிசம்பர் 9-ல் பெர்லினில் காலமானார். அவர் வேலை பார்த்த பள்ளியின் வழிவந்த பெர்லின் கலைப் பல்கலைக்கழகத்தில் அந்தப் படங்கள் பலவற்றை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அவர் வார்த்த வெண்கலச் செடிகளும் அங்கேயே இருக்கின்றன.