வாயில்லா ஜீவன்களுக்காக டெல்லியில் போராடிய ருக்மிணி தேவி!

சென்னை:

கலாஷேத்ரா என்றதும் ருக்மிணி தேவி அருண்டேல் பெயர்தான் நினைவுக்கு வரும். பரதநாட்டியத்தை குடும்பத்துப் பெண்பிள்ளைகளும் தயங்காமல் கற்றுக்கொள்ள வழி செய்தவர் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அடிபட்ட மாட்டுக்கு ஆஸ்பத்திரி, போக்கிடம் இல்லாத நாய்க்கு காப்பகம், அங்கே வைத்தியம் பார்க்க ஏற்பாடு... இதெல்லாம் சட்டப் புத்தகத்தில் ஏறியதற்கும் இந்த அம்மாதான் முக்கிய காரணம் என்பது பலருக்கு தெரியாது.

4 ஆண்டுக்கு ஒருமுறை பிறந்தநாள்

ருக்மிணி தேவி பிறந்தது மதுரையில். தேதி 1904 பிப்ரவரி 29. அதனால் 4 வருஷத்துக்கு ஒருமுறைதான் பிறந்தநாள்! தந்தை நீலகண்ட சாஸ்திரி என்ஜினீயர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு வந்து, குடும்பத்தோடு அடையாறில் குடியேறினார்.

அந்த சபையில்தான் ஜார்ஜ் அருண்டேல் என்ற வெள்ளைக்காரரை ருக்மிணி சந்தித்தார். 1920-ல் கல்யாணம். அப்போது அவருக்கு வயது 16. மெட்ராசே கொதித்துப் போனது. அவர் அசரவில்லை.

1935-ல் அடையாறில் மேடை ஏறி ஆடினார். அதற்கும் எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த ஆண்டே, 1936-ல், கலாஷேத்ரா பிறந்தது. பின்னாளில் அது திருவான்மியூருக்கு மாறியது.

டெல்லிக்கு போனார்

1952-ல் டெல்லி மேல்-சபை முதல்முறையாக கூடியபோது, நியமன எம்.பி.யாக ருக்மிணி தேவிக்கு இடம் கிடைத்தது. கலைஞர் என்பதால் கிடைத்த பதவி. நடனத்துக்கும் சங்கீதத்துக்கும் குரல் கொடுப்பார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். அவர் கையில் எடுத்ததோ மாடு, குதிரை, நாய் பிரச்சினை.

அப்போது நாட்டில் இருந்தது 1890-ல் வெள்ளைக்காரர்கள் போட்ட பழைய மிருகவதை தடுப்பு சட்டம். அதை தூக்கிவிட்டு புதுசாக ஒன்று வேண்டும் என்று தனிநபர் மசோதா கொண்டுவந்தார். எம்.பி.க்கள் சொந்தமாக கொண்டுவரும் இந்த மாதிரி மசோதா சட்டமாவது ரொம்ப அபூர்வம். சுதந்திரத்துக்கு பிறகு இதுவரை 14 மட்டுமே தேறியுள்ளன. 1970-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

ருக்மிணி தேவியின் மசோதாவும் அந்த சுவரில்தான் முட்டியது. 1954-ல் விவாதம் நடந்தபோது பிரதமர் நேரு குறுக்கிட்டார். மசோதாவின் நோக்கத்தை பாராட்டிய அவர், அரசே கமிட்டி போட்டு முழுமையான சட்டம் கொண்டுவரும் என்று உறுதி கொடுத்து, வாபஸ் பெறும்படி கேட்டுக்கொண்டார்.

இந்த மாதிரி வாக்குறுதிகள் எத்தனையோ காற்றில் போயிருக்கின்றன. ருக்மிணி தேவி வாபஸ் வாங்கினார். ஆனால் விடவில்லை. கமிட்டி அமைந்தது, அறிக்கை வந்தது, அரசு மசோதா வந்தது. ஒருவழியாக 1960 டிசம்பர் 26-ந்தேதி ஜனாதிபதி ஒப்புதலோடு மிருகவதை தடுப்பு சட்டம் பிறந்தது. இடையில் ஓடியது 6 வருஷத்துக்கு மேல்!

சட்டத்தில் என்ன இருக்கிறது?

மிருகத்தை அடிப்பதும், அளவுக்கு மீறி பாரம் ஏற்றுவதும் மட்டும் குற்றம் இல்லை. புண்ணோடும் நோயோடும் இருப்பதை வேலை வாங்கினால் குற்றம். வளர்ப்பவர் தீனி, தண்ணீர், தங்க இடம் கொடுக்காவிட்டால் குற்றம். வேண்டாம் என்று தெருவில் விட்டுவிட்டுப் போனாலும் குற்றம்.

இதைவிட முக்கியமானது வைத்தியம் பற்றிய பகுதி. கொடுமைக்கு ஆளான மிருகத்தை மீட்டால் மட்டும் போதுமா? அதை எங்கே வைப்பது? யார் மருந்து போடுவது? சட்டத்தின் 35-வது பிரிவு இதற்கு வழி சொல்கிறது. மாநில அரசு சிகிச்சை இல்லங்களை ஏற்படுத்தலாம். மாஜிஸ்திரேட்டு உத்தரவிட்டால் அந்த மிருகத்தை குணமாகும்வரை அங்கே வைத்து பார்க்க வேண்டும். செலவு உரிமையாளர் தலையில். அவர் பரம ஏழை என்றால், சிகிச்சைக்கு காசு வேண்டாம் என்று மாஜிஸ்திரேட்டு சொல்லிவிடலாம். மாட்டை நம்பி பிழைக்கும் வண்டிக்காரரையும் யோசித்து எழுதிய வரி இது.

நடனத்தோடு வாரியமும்

இந்த சட்டத்தின் கீழ் 1962-ல் விலங்குகள் நல வாரியம் அமைக்கப்பட்டது. முதல் தலைவர் ருக்மிணி தேவி. காப்பகங்கள், வயதான மாடுகளை பராமரிக்கும் பிஞ்சரபோல்கள், கால்நடை ஆஸ்பத்திரிகள் ஆகியவற்றுக்கு பண உதவி செய்வது வாரியத்தின் வேலைகளில் ஒன்று. கேப்டன் சுந்தரம் சென்னையில் 1959-ல் தொடங்கிய புளூகிராஸ் போன்ற அமைப்புகள் வளர்ந்து வந்த காலம் அது.

நாட்டுக்கே பொதுவான வாரியம் என்றாலும் தலைமை ஆபீஸ் சென்னையில்தான் இருந்தது. பின்னாளில் திருவான்மியூர் வால்மீகி நகரில், கலாஷேத்ராவுக்கு கூப்பிடு தூரத்தில் இயங்கியது. 2018-ல்தான் அது அரியானாவுக்கு போனது.

ஜனாதிபதி பதவி வேண்டாம்

1977-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய், ஜனாதிபதி தேர்தலில் நிறுத்த விரும்பி ருக்மிணி தேவியை கேட்டார். நாட்டின் முதல் பெண் ஜனாதிபதி ஆகும் வாய்ப்பு! அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கலாஷேத்ராவையும் வாரியப் பணியையும் விடவில்லை.

1986 பிப்ரவரி 24-ந்தேதி சென்னையில் காலமானார். கடைசிவரை வாரியத்தில் இருந்தார். 82 வயது நிறைய சில நாட்களே பாக்கி. அந்த ஆண்டு பிப்ரவரி மாதத்துக்கு 29-ந்தேதியும் இல்லை.

இன்றும் பேசப்படும் சட்டம்

ஜல்லிக்கட்டுக்கு 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டது இந்த சட்டத்தை வைத்துதான். 2017-ல் தமிழக அரசு திருத்தியதும் இதே சட்டத்தைத்தான். தெருநாய்களை கொல்லாமல் கருத்தடை செய்து விடும் விதிமுறைகள் 2001-ல் வந்ததும் இதன் கீழேதான். மிருகவதை தடுப்பு சங்கங்களின் காப்பகத்தில் முழுநேர கால்நடை டாக்டர் இருக்க வேண்டும் என்ற விதியும் அதே ஆண்டு வந்தது.

ஆனால் ஒரு குறை. முதல்முறை கொடுமை செய்பவருக்கு அதிகபட்ச அபராதம் 50 ரூபாய் என்று எழுதினார்கள். 1960-ல் அது பெரிய தொகை. எத்தனையோ பத்தாண்டுகள் ஓடியும் அதை உயர்த்தவில்லை. காயத்துக்கு கட்டுப்போட ஒருமுறை ஆகும் செலவுக்குக்கூட அது காணாது.

ருக்மிணி தேவி ஆரம்பித்து வைத்த வேலையில் பாக்கி இருப்பது இதுதான்.