ஹியூபர்ட் செசில் பூத்

ஹியூபர்ட் செசில் பூத் (ஜூலை 4, 1871 – ஜனவரி 14, 1955) இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஆவார். தரைவிரிப்புகளிலும் மெத்தை வைத்த நாற்காலிகளிலும் படிந்த தூசியை ஊதி விரட்டாமல், உறிஞ்சி எடுத்துத் துணி வடிகட்டியில் சேர்க்கும் இயந்திரத்தை 1901ஆம் ஆண்டில் உருவாக்கினார். இன்று வீடுகளில் உள்ள தூசுறிஞ்சிகளின் (வேக்குவம் கிளீனர்) முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார்.

இளமையும் தொழிலும்

குளொஸ்டர் நகரில் பிறந்த பூத், இலண்டனில் பொறியியல் பயின்று 1892இல் மாட்ஸ்லி நிறுவனத்தின் வரைபடப் பிரிவில் சேர்ந்தார். போர்க்கப்பல் எஞ்சின்கள், பாலங்கள் ஆகியவற்றின் வடிவமைப்பில் ஈடுபட்டார். பிளாக்பூல், வியன்னா, பாரிசு நகரங்களில் அமைந்த பெரும் இராட்டினங்களிலும் இவரது பங்கு உண்டு. இவற்றுள் 1897இல் அமைந்த வியன்னா இராட்டினம் இரண்டாம் உலகப்போரில் எரிந்து, பின் சீரமைக்கப்பட்டு, இன்றும் சுழல்கிறது. இத்தகைய பேரளவு வேலைகளில் பழகியவர் நாற்காலித் தூசியின் பக்கம் திரும்பியது தற்செயலே.

தூசியின் சிக்கல்

அக்காலத்து ஐரோப்பிய வீடுகளில் கனத்த கம்பளி விரிப்புகள் தரையோடு சேர்த்து ஆணியடிக்கப்பட்டிருந்தன. ஆண்டுக்கொரு முறை அவற்றைப் பெயர்த்து, வெளியே தொங்கவிட்டு, கழியால் அடிப்பார்கள். மற்ற நாட்களில் ஈரத் தேயிலைச் சக்கையைத் தூவிப் பெருக்குவதே வழக்கம். சக்கையில் ஒட்டாத தூசி காற்றில் எழுந்து, மீண்டும் நாற்காலிகளிலேயே படியும்.

1901இல் இலண்டனில், அமெரிக்கர் ஒருவரின் இயந்திரம் செய்து காட்டப்பட்டதைப் பூத் பார்த்தார். அது அழுத்தக் காற்றைச் செலுத்தித் தூசியைக் கிளப்பியது. கிளம்பிய தூசியில் பெரும்பகுதி விரிப்புக்கே திரும்பியது. உறிஞ்சி எடுத்தால் என்ன என்று இவர் கேட்டபோது, அது நடவாது என்ற விடையே கிடைத்தது. சில நாட்களில் விக்டோரியா தெருவிலுள்ள உணவகம் ஒன்றில், பட்டுமெத்தை நாற்காலியின் முதுகில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். மூச்சுத் திணறியது. கைக்குட்டையை இடையில் வைத்து உறிஞ்சியபோது துணியில் கரிய வட்டம் படிந்தது. வடிகட்டியின் தத்துவம் அவ்வளவே. உறிஞ்சும் எண்ணம் இவருக்கு முன்பும் சிலருக்கு இருந்தது. சிகாகோவின் மெக்காஃபி 1869லேயே கையால் இயக்கும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். எஞ்சினின் வலுவையும் தகுந்த வடிகட்டியையும் இணைத்து, அதை நடைமுறைக்குக் கொண்டுவந்ததே பூத்தின் சாதனை எனலாம்.

தெருவில் நின்ற இயந்திரம்

பூத்தின் முதல் இயந்திரம் பெட்ரோல் எஞ்சினால் இயங்கியது. வீட்டுக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. குதிரை வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களைச் சன்னல் வழியே உள்ளே செலுத்துவார்கள். சீருடைப் பணியாளர்கள் விரிப்பைப் பெயர்க்காமலே தூய்மை செய்வர். சில குழாய்களில் கண்ணாடிப் பகுதி இருந்ததால் ஓடும் தூசியை வீட்டாரே காண முடிந்தது. செல்வர் சிலர் இதைக் காட்டவே விருந்தினரை அழைத்தனர். இரைச்சலில் குதிரைகள் மிரண்டதால் வழக்குகளும் எழுந்தன.

1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவிற்காக வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் விரிப்பு இம்முறையில் தூய்மையாக்கப்பட்டது. அதன்பின் அரண்மனைக்கும் இயந்திரங்கள் வாங்கப்பட்டன. முதல் உலகப்போரின்போது, கடற்படையினர் தங்கியிருந்த கிறிஸ்டல் அரண்மனையில் மூளையுறைக் காய்ச்சல் பரவியது. பூத்தின் இயந்திரங்கள் அங்கிருந்து 26 டன் தூசியை அகற்றியதாகக் கூறப்படுகிறது. காய்ச்சல் தணிந்ததற்கு இதுவே காரணம் என்று அறுதியிட முடியாது.

தேநீர், மை போன்ற கறைகளை இவ்வியந்திரம் நீக்கவில்லை. எனினும் தூசியுள்ள விரிப்பில் நீர் பட்டால் அது சேறாகி இழைகளுக்குள் இறங்கும். ஆகவேதான், காய்ந்த கறைக்கு நீரோ சவர்க்காரமோ இடுவதற்கு முன் தூசியை உறிஞ்சி எடுப்பது இன்றும் முதற்படியாக உள்ளது.

பெயரும் புகழும்

வேக்குவம் கிளீனர் என்ற பெயரைத் தன் நிறுவனத்திற்கே உரியதாக்க முயன்ற வழக்கில், அது வெறும் விளக்கச் சொல்லே என்று 1907இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே அமெரிக்காவில் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்க்லர் கையால் தள்ளக்கூடிய சிறிய மின்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதை வாங்கி விற்ற ஹூவரின் பெயர், பிரித்தானிய ஆங்கிலத்தில் தூசி உறிஞ்சுவதைக் குறிக்கும் வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. பூத்தின் நிறுவனம் பின்னாளில் கோப்ளின் என்ற பெயரில் வீட்டுக் கருவிகளை விற்றது. அவர் 1955ஆம் ஆண்டு குரோய்டனில் காலமானார்.