காஸ்டன் பிளான்டே

மோட்டார் வண்டியினுள்ளும், மின்சாரம் நின்ற இரவுகளில் விளக்கெரிக்கும் இன்வெர்ட்டரின் அருகிலும் கனத்த பெட்டியாய் அமர்ந்திருக்கும் ஈயச் சேமக்கலத்தைக் காணாதார் இலர். அதனை 1859-ஆம் ஆண்டில் முதன்முதல் ஆக்கிய காஸ்டன் பிளான்டேயின் பெயரைப் பௌதிக மாணவர் யாவரும் அறிவர். அவர் வரலாற்றை அறிந்தார் சிலரே.

இவர் 1834-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள், பிரான்சு தேசத்தின் தென்மேற்கில் உள்ள ஆர்த்தேஸ் என்னும் ஊரிற் பிறந்தார். பியானோ வாசிப்பிற் பெரும்புகழ் பெற்ற பிரான்சிஸ் பிளான்டே இவருக்குத் தம்பியாவார். 1854-இல் பாரிஸ் நகரத்துத் தொழிற்கலைக் கழகத்தில் எட்மண்ட் பெக்கரல் என்னும் பௌதிகப் பேராசிரியரிடம் உதவியாளராய் அமர்ந்தார். அடுத்த ஆண்டில், நகருக்கு அணித்தான மியூடானில் பண்டைக்காலத்துப் பெரும்பறவை ஒன்றின் எலும்பைக் கண்டெடுத்தார். அப்பறவைக்கு இவர் பெயரையொட்டிக் கேஸ்டார்னிஸ் என்றே பெயரிட்டனர். எலும்பு தேடும் வழியிலேயே அவர் போய்விட்டிருப்பின் நமக்கு நேர்ந்திருக்கும் இழப்புச் சிறிதன்று.

திராவகத்துள் நிற்கும் இரு தகடுகளின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்திப் பின் நிறுத்தினால், சிறிது நேரம் எதிர்த்திசையில் ஓர் ஓட்டம் எழும். இதனை 1803-இலேயே ஜெர்மானியராகிய ரிட்டர் கண்டிருந்தார். ஆயினும் அவ்வோட்டம் கணப்பொழுதில் ஓய்ந்துவிடும். பிளான்டே செம்பு, வெள்ளி, பொன், பிளாட்டினம் முதலிய பல உலோகங்களை ஒவ்வொன்றாய்ச் சோதித்து, எளிய ஈயமே எல்லாவற்றினும் சிறந்ததெனத் தெளிந்தார். இரண்டு ஈயத் தகடுகளை இடையே துணி வைத்துப் பாய்போற் சுருட்டி, நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் அமிழ்த்தினார். இவ்வாறு செய்த ஒன்பது கலங்களை 1860-இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தார் முன் வைத்தார்.

ஆனால் புதிய ஈயத் தகட்டின் மேற்புறம் மட்டுமே வேலை செய்யும். உட்புறத்தையும் பயன்படச் செய்ய வேண்டின், மின்சாரத்தை ஏற்றி, இறக்கி, திசை மாற்றி மீண்டும் ஏற்றி, இடையிடையே ஓய்வளித்துப் பல மாதம் பழக்குதல் வேண்டும். பிளான்டே சலியாது அதனைச் செய்தார். மின்சாரம் ஏற்றுதற்கு அவரிடம் இருந்தவையோ துத்தநாகத்தையும் வெடியுப்புத் திராவகத்தையும் தின்னும் புன்சன் கலங்கள். சேமித்த பொருளினும் சேமிக்கும் செலவு மிகுந்தது. டைனமோ பரவும்வரை அவர் கலம் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலேயே தங்கியதற்கு இதுவே காரணம்.

இந்நிலையில் அவர் கண்ட உபாயம் வியக்கத்தக்கது. உலோகப் பட்டைகள் பதித்த உருளை ஒன்றைச் செய்து, அதனை ஒருபுறம் திருப்பினால் இருபது கலங்களும் பக்கம் பக்கமாய் இணைந்து, இரண்டு மூன்று புன்சன் கலங்களால் மெல்ல நிரம்புமாறும், மறுபுறம் திருப்பினால் ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடர்ந்து, கலத்திற்கு 2 வோல்ட்டாக 40 வோல்ட் தருமாறும் அமைத்தார். 1877-இல் அப்பிரகத் தகடுகளைக் கொண்டு இதே முறையில் மிக உயர்ந்த அழுத்தம் தரும் பொறியொன்றையும் இயற்றினார்.

ஏற்றுங்கால் கண்காணிப்பும் இன்றியமையாதது. கலம் நிரம்பியபின்னும் ஓட்டம் நில்லாதாயின், அது நீரைப் பிராணவாயுவாகவும் ஜலவாயுவாகவும் பிரித்து வீணாவதோடு தகட்டையும் அரிக்கும். ஏற்றும் ஊற்றின் அழுத்தம் குறைந்துவிடின், சேமித்த மின்சாரமே அதனுள் திரும்பிப் பாயும். குமிழி எழுவதைக் கண்ணாற் கண்டு, கையால் இணைப்பை அறுப்பதே அந்நாளில் வழி. மோட்டார் வண்டி வந்தபின் மின்காந்தத் திறவுகோல் ஒன்று அவ்வேலையை ஏற்றது. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திற் பிறந்த டிரான்சிஸ்டர் காலப்போக்கில் அதன் இடத்தைப் பெற்றது. அசையும் உறுப்பு எதுவுமின்றி, ஒரு சிறு மின்குறிப்பால் பேரோட்டத்தைத் திறந்தும் அடைத்தும் ஆள்வது அதன் இயல்பு. ஆறு கலங்கள் கொண்ட 12 வோல்ட் பெட்டியின் அழுத்தம் ஏறக்குறைய 14.4 வோல்ட்டை எட்டியதும், டிரான்சிஸ்டர் ஒரு விநாடிக்குள் பன்முறை அடைத்துத் திறந்து, அடைக்கும் பொழுதைச் சிறிது சிறிதாய் நீட்டி, ஓட்டத்தைக் குறைத்துவிடுகிறது. பிளான்டேயின் கையும் கண்ணும் செய்த தொழில் இதுவே.

1881-இல் கமில் போர் என்பவர் ஈய ஆக்ஸைடைத் தகட்டின்மேல் அப்பி, பல மாதப் பழக்கத்தைச் சில நாட்களாய்ச் சுருக்கினார். அதன்பின் சேமக்கலம் ஆலைகளில் மிகுதியாய்ச் செய்யப்படலாயிற்று. பிளான்டே 1889 மே 21-ஆம் நாள் தமது 55-ஆம் வயதில் மறைந்தார். அவர் சுருட்டிய தகடுகளுக்கு ஈடாகத் தட்டைத் தகடுகள் வழக்கில் வந்தன. எனினும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுருள் தகட்டுக் கலங்கள் மீண்டும் ஆக்கப்பெற்று விற்பனைக்கு வந்தன.