வாய்தா கேட்காத வக்கீல்!

முத்துக்குளித்துறைக்குப் பொறுமை அதிகம். அந்தக் காலத்தில் சர்க்கார் அதிகாரிகள் படகில் போய்க் கடலடிச் சிப்பிகளை எடுத்துப் பார்ப்பார்கள். சிப்பி முற்றவில்லை என்றால் அந்த வருஷம் குளிப்பு கிடையாது. அடுத்த வருஷமும் அதே பதில் வரும். அவசரப்பட்டால் முத்து கடுகளவுதான் இருக்கும். ரொம்பத் தள்ளிப்போட்டாலோ சிப்பி செத்துவிடும். முத்தும் மண்ணோடு போகும்!

அந்தக் கரையில், தூத்துக்குடியில், ஒரு வக்கீல் இருந்தார். கோர்ட்டில் வாய்தா வாங்குவது வக்கீல்களுக்குக் கைவந்த கலை. ஆனால் சொந்த வாழ்க்கையில் வாய்தா கேட்கவே இவருக்குத் தெரியாது! அவர்தான் கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

ஒட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்தவர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் வெள்ளைக்காரக் கம்பெனிதான் கப்பல் விட்டுக்கொண்டிருந்தது. நாமும் விட்டால் என்ன என்று யோசித்தவர்கள் பலர் இருக்கலாம். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே அவர்களுக்குக் காலம் போயிருக்கும். சிதம்பரனார் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய்.

முதலில் வாடகைக் கப்பல்தான். அதைக் கொடுத்தவர்கள் திடீரென்று திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய்க்குப் புறப்பட்டார். வீட்டிலோ மனைவி கர்ப்பிணி; மகனுக்கு உடம்பு சரியில்லை. பயணத்தைத் தள்ளிப்போட இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று வண்டி ஏறிவிட்டார்! 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக் கடலில் வந்து நின்றன.

வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இலவசமாகவே ஏற்றிப் போகிறோம், குடையும் தருகிறோம் என்றுகூட ஆசை காட்டியது. எதுவும் பலிக்கவில்லை. பிறகு சர்க்கார் முந்திக்கொண்டது. 1908 மார்ச்சில் கைது. ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. மொத்தம் 40 வருஷம்! அப்பீலில்தான் அது குறைந்தது. கோயமுத்தூர் ஜெயிலில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அவர் இழுத்தார். அவர் உள்ளே இருக்கும்போதே, 1911-ல், கம்பெனி கலைந்தது. கப்பல்களும் கைவிட்டுப் போயின.

1912 டிசம்பரில் விடுதலை. சன்னத்தைப் பறித்துவிட்டதால் வக்கீல் தொழிலும் இல்லை. சென்னைக்கு வந்து சின்னச் சின்ன வியாபாரம் செய்து பார்த்தார். குடும்பம் பெரிது, வரும்படி சிறிது.

தென் ஆப்பிரிக்காவில் கூலி வேலைக்குப் போன தமிழர்கள் அவரை மறக்கவில்லை. தங்களுக்குள் காசு சேர்த்து, காந்தியடிகள் மூலம் அனுப்பினார்கள். 1915-ல் காந்தியடிகள் சென்னைக்கு வந்தார். சந்திக்க வேண்டும் என்று சிதம்பரனார் கடிதம் எழுதினார். விடியற்காலை 6 மணிக்கு வந்தால் சில நிமிஷம் பேசலாம் என்று பதில் வந்தது.

பணம்? தொகை எவ்வளவு என்பது காந்தியடிகளுக்கு நினைவில்லை. தென் ஆப்பிரிக்காவுக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்றார். கடிதம் கப்பலில் போய்க் கப்பலில் வரவேண்டிய காலம்! சிதம்பரனார் மறுபடி எழுதினார். விவரம் வரவில்லை என்று பதில். மறுபடியும் எழுதினார். நிமிஷக் கணக்குப் பார்க்கும் காந்தியடிகளிடமே இப்படி ஒரு தாமதம்! கணக்கில்லாமல் பொதுப் பணத்தைத் தொடமாட்டார் என்பது நியாயமே. ஆனால் அடுப்பு எரிய வேண்டிய வீட்டுக்கு அந்த நியாயம் போதுமா? எனக்குப் பணம் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் தாம் இல்லை என்பதைச் சிதம்பரனார் மறைக்காமல் எழுதினார். கப்பல் கம்பெனி நடத்தியவருக்கு அதை எழுதக் கை எப்படி வந்ததோ!

கடைசியில், 1916 தொடக்கத்தில் பணம் வந்து சேர்ந்தது. 347 ரூபாய் 12 அணா. ஏறத்தாழ ஒரு வருஷம்!

பிறகு வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் சன்னத்து திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை அவர் நாளைக்கு என்று வைக்கவில்லை. தம் பிள்ளைக்கே வாலேசுவரன் என்று பெயர் வைத்துவிட்டார்!

1936 நவம்பர் 18-ந் தேதி தூத்துக்குடியில் காலமானார். அவருடைய கப்பல்கள் வந்தபோது அங்கே ஆழ்கடல் துறைமுகம் கிடையாது. கப்பல் மைல் கணக்கில் தள்ளி நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். தூத்துக்குடி பெரிய துறைமுகம் என்று அறிவிக்கப்பட்டது 1974-ல். அதற்குச் சிதம்பரனார் பெயரைச் சூட்டியது 2011-ல். அதற்குள் அவர் மறைந்து ஏறத்தாழ 75 வருஷம் ஆகியிருந்தது.