மேடையில் வாழும் வன்னியன்

பண்டாரவன்னியனை வன்னிநாட்டார் பலர் அறிந்தது ஏட்டின் வாயிலாக அன்று, மேடையின் வாயிலாகவே. கோயில் வீதியிற் பாய் விரித்து, பாட்டனும் பாட்டியும் நடுவிருக்க, தாய் மடியிற் குழந்தை துயில, விடியுமளவும் கூத்துக் கண்டு களித்தல் அந்நாட்டுக் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். கோவலன் கதையும் காத்தவராயன் கதையும் இங்ஙனமே தலைமுறை கடந்தன. அவற்றின் வரிசையிற் பிற்காலத்தே வந்து சேர்ந்தவன் இவ்வீரன்.

அவன் வாழ்ந்த காலம் கொந்தளிப்பானது. 1782இல் ஒல்லாந்தர் வன்னியைப் படைகொண்டு அடக்கினர். 1795-96இல் அவர்தம் கோட்டைகள் ஆங்கிலேயர் கைக்கு மாறின. கொடி மாறியதேயன்றி, வன்னியர் இழந்த உரிமை மீளவில்லை. 1803 யூனில் ஆங்கிலப் படை கண்டியிற் பேரிழப்பு எய்தியது. அவ்வாண்டு ஓகஸ்டில் பண்டாரவன்னியன் கண்டியரின் துணையொடு முல்லைத்தீவைத் தாக்கிக் கைப்பற்றினான். அங்கிருந்த கப்டன் வொன் டிறிபேர்க் படகேறி யாழ்ப்பாணம் சென்றார். வெற்றி நீடிக்கவில்லை. ஒக்டோபர் 31இல், ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் அதே டிறிபேர்க் அவனை முறியடித்தார். ஆங்கிலேயர் காலத்தில் அங்கு நாட்டப்பெற்ற கல்லும் அத்தோல்வியையே பொறித்து நின்றது.

கல் சொல்லாததை மேடை சொல்லிற்று. முள்ளியவளை தந்த முல்லைமணி வே. சுப்பிரமணியம் அவனை நாடகத் தலைவனாக்கினார். வழங்கும் கதைகளில் காக்கைவன்னியன் காட்டிக்கொடுப்பான். கற்சிலைமடுவில் வீரன் வீழ்வான். பதிவேடுகளின்படியோ அவன் அப்போரில் மடிந்தானல்லன். பின்னும் சில ஆண்டுகள் வாழ்ந்தான்.

வரலாறும் நாடகமும் இவ்வாறு வேறுபடுவதால் இழப்பொன்றுமில்லை. தோற்றவனுக்காக ஏன் அழுகிறீர்கள் என்று சிறுவன் வினவுவான். வீடு திரும்பும் வழியெல்லாம் பெரியோர் விடை கூறுவர். எது நடந்தது, எது புனைந்தது என்று பிரித்துணர்த்த அதனினும் நல்ல வேளை வேறில்லை. தனித்திருந்து காண்பவனுக்கு அவ்வினாவும் இல்லை, விடையும் இல்லை.

2009இல் முடிந்த போரில் வன்னிக் குடும்பங்கள் பல சிதைந்தன. பாட்டன் அமர்ந்த இடம் வெறுமையான வீடுகள் எத்தனையோ! ஆயினும் திருவிழா இரவில் எஞ்சியோர் ஒரு பாயில் ஒருங்கமர்ந்தால், அவ்வெற்றிடத்தில் இன்னொருவர் இருந்து கதை சொல்லவே வேண்டும். கல்லிற் பொறித்த எழுத்து மங்கும். மடியிலிருந்து கேட்ட கதை மங்குவதில்லை.