அச்சத்தைக் கதையாக்கிய புதுமைப்பித்தன்

நம் திருப்பூர்ப் பக்கத்தில் பேய்க்கதை கேளாமல் வளர்ந்த பிள்ளை உண்டா? புளியமரத்து முனி, ஆற்றங்கரைக் காட்டேறி என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பனியன் கம்பெனியில் இரவு ஷிப்டு முடித்து வருவோரும் தம் பங்குக்கு ஒன்றிரண்டு சொல்வார்கள். இவற்றை உயர்ந்த இலக்கியமாகவும் ஆக்கலாம் என்று தமிழில் எழுதிக் காட்டியவர் புதுமைப்பித்தன்.

சொ. விருத்தாசலம் என்பது இவரது இயற்பெயர். 1906 ஏப்ரல் 25 அன்று திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். சொந்த ஊர் திருநெல்வேலி. தந்தை தாசில்தார் ஆதலால் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று ஊர் மாறி ஊர் படிப்பு நடந்தது. சிறு வயதிலேயே தாயை இழந்தார். 1931இல் திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பி.ஏ. தேறி, அவ்வாண்டே கமலா அம்மையாரை மணந்தார். பட்டதாரி மகன் உத்தியோகம் பார்ப்பான் என்று தந்தை எதிர்பார்த்திருக்க, மகனோ பேனாவை நம்பிச் சென்னைக்குப் புறப்பட்டார். மணிக்கொடியில் கதைகள் எழுதினார். ஊழியன், தினமணி, தினசரி ஆகிய பத்திரிகைகளில் பணி செய்தார். புகழ் வந்தது, பணம் வரவில்லை.

1943இல் வெளிவந்த ‘காஞ்சனை’ தமிழ்ப் பேய்க்கதைகளுள் தனி இடம் பெற்றது. எழுத்தாளர் ஒருவரின் வீட்டுக்கு வேலைக்காரியாக வந்து சேர்கிறாள் ஒரு பிச்சைக்காரப் பெண். அதன்பின் இரவில் இனந்தெரியாத வாடை, உறக்கமின்மை, மனைவிக்கு என்ன நேருமோ என்ற திகில். வந்தவள் பேயா, எல்லாம் மனமயக்கமா? ஆசிரியர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. பல்லும் நகமும் காட்டும் பேயைவிட இது நம்மை அதிகம் நடுங்க வைக்கிறது.

பகுத்தறிவு பேசுகிறவர் பேயை நம்பத் தொடங்கிவிட்டாரா என்று அன்று பலர் கேட்டனர். தமக்குப் பேய்களில் நம்பிக்கை இல்லை, பயம் மட்டும் உண்டு என்ற கருத்தில் அவர் விடை கூறினார். வேடிக்கைப் பேச்சுத்தான்; ஆயினும் நம்மில் எத்தனை பேரின் உண்மை நிலை அது!

நாட்டு வழக்கும் பழங்கதையும் அவர் கையில் பல உருக்கொண்டன. ‘செவ்வாய் தோஷம்’ கதையில் ரத்தக் காட்டேறி பற்றிய நம்பிக்கையை எடுத்தாண்டார். ‘கபாடபுரம்’ கதையில் கடல்கொண்ட பாண்டியர் தலைநகரைக் கண்முன் நிறுத்தினார். ‘வேதாளம் சொன்ன கதை’யிலோ விக்கிரமாதித்தன் காலத்து வேதாளமே கேலிப்பொருள் ஆகிவிட்டது.

அயல்நாட்டுத் திகிலையும் அவர் விடவில்லை. மேரி ஷெல்லி என்ற ஆங்கிலப் பெண்மணி 1816இல், தம் 18ஆம் வயதில், ஜெனீவா ஏரிக்கரையில் எழுதத் தொடங்கிய ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலை, ‘பிரேத மனிதன்’ என்று தமிழில் தந்தார். பதினெட்டு வயது! மேல்வகுப்பு மாணவியர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

பின்னர்ச் சினிமாவுக்கு வசனம் எழுதச் சென்றார். ‘ராஜமுக்தி’ படவேலைக்காகப் புனாவில் இருந்தபோது காசநோய் முற்றியது. 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் காலமானார். வயது 42. மகள் தினகரி அப்போது சிறு குழந்தை. 2002இல் தமிழக அரசு அவருடைய எழுத்துகளை நாட்டுடைமையாக்கியது. ‘காஞ்சனை’யைத் தேடி எடுக்கும் மாணவியர் பகலிலேயே படித்து முடித்துவிடுவது நலம், இரவில் எடுத்தால் விளக்கை அணைக்கத் துணை தேட வேண்டியிருக்கும்.